ரேடியேட்டரில் நான் ஊற்றிய தண்ணீர்

தாம்பரத்துக்குத் தெற்கே, ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு தனியார் கல்லூரியில் எஸ்டேட் சூப்பர்வைசராக இருக்கிறேன். குழாய், ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி, தோட்டம், சுவரில் விரிசல், கூரையில் குரங்கு, எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். வீடு சிட்லபாக்கத்தில். காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறி, சாயங்காலம் அங்கேயே இறங்குகிறேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் நடக்காத வேலை. நடந்த ஒன்றை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே எல்லாம் தெரியாது.

எங்கள் வளாகத்தில் கட்டடம் இருக்கும் இடத்தைவிட வெறும் நிலம் அதிகம். விளையாட்டு மைதானம், அதற்கப்பால் எப்போதோ ஆஸ்பத்திரி கட்டுவதற்கென்று வாங்கிப் போட்ட மேடும் பள்ளமுமான நிலம், அதற்கும் அப்பால் ஏரிக்கரை. மழை நின்ற பத்தே நாளில் புல் இடுப்புயரம் வந்துவிடும். விடுதிப் பக்கம் பாம்பு வரும். முன்பெல்லாம் பத்துப் பெண்கள் அரிவாளோடு உட்கார்ந்து அறுப்பார்கள். ஒரு பக்கம் அறுத்து முடிப்பதற்குள் மறுபக்கம் வளர்ந்துவிடும்.

ஒரு வருஷம் நிர்வாகம் திடீரென்று ஒரு ஏடிவி வாங்கிவிட்டது. கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு கேளிக்கைப் பூங்காவை மூடினார்கள், அங்கே மணலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி. நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், குதிரைமேல் உட்காருவதுபோல் கால் பரப்பி உட்கார வேண்டும். அதன் பின்னால் மாட்டி இழுக்க, தனி என்ஜின் வைத்த ஒரு புல்வெட்டும் மெஷினும் வந்தது. இரண்டையும் என்னிடம் ஒப்படைத்து, இனி பத்துப் பேர் வேண்டாம், நாலு பேர் போதும் என்றார்கள். ஆறு பெண்களுக்கு அந்த வாரமே வேலை போனது. அதைச் சொல்லும் வேலையும் என்னுடையதாகத்தான் இருந்தது.

ஓட்டுவதற்கு முதலில் இரண்டு செக்யூரிட்டிகளை விட்டுப் பார்த்தேன். ஒருவர் வேலியில் ஏற்றினார். இன்னொருவர் தூசியால் மூச்சு வாங்குகிறது என்று இறங்கிவிட்டார். மிச்சமிருந்த நாலு பெண்களில் ஒருவர் அப்போது கைலித் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்து கேட்டார்.

"நா ஓட்டட்டா சார்?"

"உனக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"நாலு வருசம் ஆட்டோ ஓட்டிகீறேன் சார். எங்கூட்டுக்காரரு போனப்புறம் அவரு வண்டிய நாந்தான் ஓட்டிகினு இருந்தேன். சிட்டில இருந்து பெரும்பாக்கத்துக்கு தூக்கியாந்து போட்டப்புறம்தான் வித்துட்டேன். சவாரியே இல்ல அங்க."

நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, உயரமான அம்மா. தோட்டவேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் வேனில் காலையில் ஏறி வருவார். நகரத்துக் குடிசைகளை அகற்றிக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு, கல்லூரி முடிக்கப்போகும் ஒரு மகள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வண்டியில் ஏறி, புடவையை ஒதுக்கி உட்கார்ந்து, ஒரு வட்டம் அடித்து, நான் நின்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு வரவிடாமல் அடக்கிக்கொண்டிருந்தார்.

முதல் நாளே வண்டி சூடானது. மைதானத்தில் கால் பங்குகூட முடியவில்லை, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். நிறுத்திவிட்டோம். ஆறியதும் ஓட்டினோம், மறுபடியும் சூடு. அந்த வாரம் முழுக்க இதே கதை. விற்றவர்களுக்கு ஃபோன் செய்தால், "மணல்ல வேகமா ஓடுற வண்டி சார் அது. பின்னாடி பாரத்த கட்டி மெதுவா இழுத்தா சூடாகத்தான் செய்யும்" என்று வைத்துவிட்டார்கள்.

ஜெனரேட்டர் என்ஜின் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஆனால் அந்த வண்டியின் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த அம்மாதான். ஒரு மதியம் முன்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே காட்டினார்.

"இத்த பாருங்க சார். மூக்க அடைச்சிகினு கீது."

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே புல் பொடியும் பூந்துகளும் பஞ்சுமெத்தைபோல் அப்பிக் கிடந்தன. காற்றே போக வழியில்லை. பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவினோம். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். அன்று வண்டி சூடாவதற்கு அதிக நேரம் எடுத்தது.

மறுநாள் அவரே கியரைப் பற்றிக் கேட்டார். பாரம் இழுக்கும்போது போட, வண்டியில் 'எல்' என்றொரு மெதுவான கியர் இருந்தது. செக்யூரிட்டிகள் அதைத் தொட்டதே இல்லை. "ஆட்டோல ஃபுல் லோடு ஏத்திகினு மேம்பாலம் ஏறும்போது டாப்புல போனா இன்னா ஆவும்? அதான் சார் இதுவும்" என்றார். 'எல்'லில் போட்டதும் என்ஜின் திணறுவது நின்றது. புல்வெட்டியின் டயர்களில் காற்று குறைவாக இருப்பதைப் பார்த்தவரும் அவர்தான். உயரமான புல்லை ஒரே வெட்டில் அடிமட்டத்துக்கு வெட்டாமல், பிளேடைத் தூக்கி வைத்து ஒரு சுற்று, இறக்கி வைத்து இன்னொரு சுற்று என்று இரண்டாகப் பிரித்தார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வலையைக் கம்பியால் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கி அதைத் துடைப்பத்தால் தட்டினார். நிழலில் நிறுத்தும்போது உடனே அணைக்க மாட்டார். ஃபேன் ஓடட்டும் என்று இரண்டு நிமிஷம் விட்டு வைப்பார்.

இதையெல்லாம் நான் ஒரு காகிதத்தில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டினேன். கடைசி வரியாக, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாம் அவர் சொன்னதுதான், கடைசி வரியைத் தவிர.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. அதற்கென்று கூலன்ட் என்று ஒரு திரவம் இருக்கிறது, பச்சையாக இருக்கும். வாங்குவதற்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தேன். கோப்பு இரண்டு மேஜை தாண்டவில்லை. அதுவரைக்கும் சமாளிக்கலாம் என்று ஷெட்டுக்கு வெளியே இருந்த போர்வெல் குழாயில் ஒரு குவளை பிடித்து ஊற்றினேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாகக் கோடு கட்டும். ஷவரின் துளைகள் மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும், விடுதியில் அதைக் குத்தி எடுக்கவே ஒரு ஆளை வைத்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டேதான் ஊற்றினேன். ஒரு தடவைதானே என்று.

கூலன்ட் வந்தது. நிரப்பினோம். ஆனால் கொஞ்சம் குறையும்போதெல்லாம் டின்னைத் தேடிப் போய், திறந்து, அளந்து ஊற்றுவதைவிடக் குழாய் பக்கத்தில் இருந்தது. அந்த வருஷம் முழுக்க எத்தனை தடவை ஊற்றினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா ஒருமுறை கேட்டார், "டின்னுல கீற பச்சத் தண்ணிதான ஊத்தணும் சார்?"

"கொஞ்சம்தானேம்மா. ஒண்ணும் ஆகாது."

அவர் மறுபடி கேட்கவில்லை.

அந்த ஒரு வருஷம் வளாகம் பார்க்க நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு நான் கேட்டில் நுழையும்போது தூரத்தில் அந்த வண்டியின் சத்தம் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடுவார். பேராசிரியர்கள் நடைப்பயிற்சியில் நின்று பார்ப்பார்கள். மாணவிகள் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார், "எம்பொண்ணு ஃபோட்டோவ பாத்துட்டு ஸ்டேட்டஸ் வெச்சிகினா சார். நா ஆட்டோ ஓட்டிகினு இருந்தப்போ வெளிய சொல்லவே வெக்கப்படுவா."

அடுத்து வந்த பங்குனியில் பட்டமளிப்பு விழா வந்தது. பெரிய விருந்தினர். ஏரிக்கரைப் பக்கத்து நிலத்தையெல்லாம் கார் நிறுத்துவதற்குச் சமன்படுத்தி வெட்ட வேண்டும் என்று உத்தரவு. அங்கே புல் காய்ந்து வைக்கோலாக நின்றது. மூன்று நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் காலை வேளையாகப் பிரித்து முடித்திருக்கலாம். முந்தின நாள்தான் சொன்னார்கள்.

அன்று காலையிலிருந்தே வண்டி சரியில்லை. பத்து மணிக்கே அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னார்.

"எப்பவும்போல இல்ல சார். எல்லாத்தியும் கழுவிட்டேன், எல்லுலதான் போறேன். அப்பவும் சுருக்கா சூடாவுது. உள்ளாற ஏதோ கீது."

"நாளைக்கு மெக்கானிக்கிட்ட விடலாம்மா. இன்னைக்கு ஒருநாள் எப்படியாவது ஓட்டிடு."

பதினொன்றரைக்கு நிர்வாக அதிகாரி கூட்டம் கூட்டினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மேடை, பந்தல், சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, பார்க்கிங் முடிந்துவிட்டதா என்று என்னைக் கேட்ட நேரத்தில் என் ஃபோன் அதிர்ந்தது. அந்த அம்மா. மேஜைக்குக் கீழே குனிந்து எடுத்தேன்.

"சார், செவப்பு லைட்டு எரியுது. பொகையா வருது. நிறுத்திட்டேன்."

"தண்ணி இல்லாம இருக்கும். தண்ணி ஊத்தி ஓட்டும்மா."

"சூடா கீதே சார்."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சாகணும்மா. இங்க மீட்டிங்ல இருக்கேன்."

இதற்குப் பிறகு, 'கொஞ்சம் ஆறவிட்டுத் திற' என்று நான் சொன்னேனா? என் மனதுக்குள் அந்தக் குரல் கேட்கிறது. என் குரல்தான். ஆனால் அது அன்று மேஜைக்குக் கீழே குனிந்து சொன்னதா, பிறகு நானே உருவாக்கிக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்து, "மூணு மணிக்கு முடிஞ்சிடும் சார்" என்று சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மற்ற மூன்று பெண்களில் ஒருவர் கூட்டம் நடந்த அறைக்கே ஓடிவந்துவிட்டார். செருப்பில்லை. நான் ஏரிக்கரைக்குப் போனபோது அந்த அம்மாவை வேப்பமர நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மூடியைத் துணியால் பிடித்துத்தான் திருப்பியிருக்கிறார். உள்ளிருந்த கொதிநீர் அப்படியே பீறிட்டு வலது கையிலும் கழுத்திலும் கன்னத்தின் ஒரு பக்கத்திலும் அடித்திருந்தது. கண் தப்பித்தது. கை முழங்கைவரை வேறு ஒருவருடைய கைபோல் இருந்தது. அவர் கத்தவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, "எரியுது, எரியுது" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைப் பார்த்ததும், "ஊத்தப் போனேன் சார்" என்றார்.

கல்லூரி ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் போனேன். மகள் வரும்வரை இருந்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வந்து, ஆட்களைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த புல்லை அரிவாளால் அறுக்கச் சொன்னேன். மறுநாள் விழா நடந்தது. கார்கள் வரிசையாக நின்றன.

விழா முடிந்த மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது.

"சார், ஒரு ரிப்போர்ட் வேணும். காண்ட்ராக்டர் கேக்குறார். நாம இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் ஒழுங்கா குடுத்திருக்கோம் இல்லையா? ஷெட்ல எழுதிகூட ஒட்டியிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா சார்."

"அப்ப அதை மீறித்தானே திறந்திருக்காங்க?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க பொண்ணு நம்ம காலேஜ்லதானே மூணாவது வருஷம் படிக்கிறா?" என்று கேட்டார். மிரட்டினார் என்று சொல்ல முடியாது. நலம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். ஊழியர் பிள்ளை என்ற சலுகையில்தான் என் மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுதினேன். 'சூடான நிலையில் மூடியைத் திறக்கக் கூடாது என்ற எழுத்துமூலமான அறிவுறுத்தலையும், ஆறிய பிறகு திறக்குமாறு தொலைபேசியில் கூறியதையும் மீறி, ஓட்டுநர் தன்னிச்சையாகத் திறந்ததால்' என்று எழுதினேன். ஒரே வாக்கியம். நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன்.

அடுத்த வாரம் வண்டியை மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் வயதான மனிதர், அதிகம் பேசாதவர். ரேடியேட்டரைக் கழற்றி, ஒரு பக்கத் தொட்டியைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குழல்களின் வாய்களெல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். சுண்ணாம்புக் கட்டியாக உதிர்ந்தது.

"போர் தண்ணி ஊத்திகினு இருந்தீங்களா சார்?"

"எப்பவாவது."

"எப்பவாவது ஊத்துனா இப்டி ஆவாது." உதிர்ந்ததை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். "மேல எவ்ளோ கழுவினாலும் பிரயோஜனம் இல்ல. உள்ளாற தண்ணி சுத்தவே வழி இல்லியே. இவ்ளோ நாளு ஓடுனதே பெருசு. யாரு சார் ஓட்டுனது? ரொம்ப பக்குவமா ஓட்டிகீறாங்க."

நான் கடைக்கு வெளியே வந்து நின்றேன். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. உள்ளே ஏதோ இருக்கிறது என்று அந்த அம்மா காலையில் வந்து சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அன்று மாலை வீட்டில் மனைவியிடம் வண்டியின் உள்ளே அடைத்திருந்தது என்று மட்டும் சொன்னேன். எதனால் அடைத்தது என்று அவள் கேட்கவில்லை. "பாவம் அந்தம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்து, பெரும்பாக்கத்துக்குப் போனேன். ஒரே மாதிரி கட்டடங்கள், ஒரே மாதிரி ஜன்னல்கள், எந்த பிளாக் என்று இரண்டு பேரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒற்றை அறையும் சமையலிடமும். ஃபேனுக்கு நேர் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார். கை கட்டுப் போட்டுத் தலையணைமேல் இருந்தது. கழுத்தில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. மகள் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

பழத்தைக் கீழே வைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நாலு விரலை மடக்க முடியவில்லை என்றார்.

"காண்ட்ராக்டரு ஆளு வந்தான் சார். என் தப்புன்னு எயுதிகீதாம். நீங்கதான் எயுதி குடுத்தீங்களாம். அதனால அவங்க ஒண்ணும் செய்ய முடியாதாம்." குரலில் கோபம் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. "நீங்க ஊத்துனு சொன்னீங்களா இல்லியா சார்?"

"சொன்னேன்."

"ஆறட்டும்னு சொன்னீங்களா?"

"எனக்குத் தெரியலம்மா."

"எனக்குத் தெரியும் சார். சொல்லல."

நான் அப்போது தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மெக்கானிக் சொன்னதை, வெள்ளைக் கட்டியை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அப்ப என் தப்பு எதுவுமே இல்ல" என்றார். "அத்த எயுதி குடுங்க சார். வேற ஒண்ணும் வாணாம். நடந்தத எயுதி குடுங்க."

"தர்றேன்மா."

"சுருக்கா குடுங்க."

அன்றைக்கே எழுதினேன். சிட்லபாக்கம் வந்து சேர்ந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். போர்வெல் தண்ணீர், தொலைபேசியில் நான் சொன்னது, காலையில் அவர் எச்சரித்தது, எதையும் விடவில்லை. கவரில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

அந்தக் கவர் என் பைக்குள் ஏழு வாரம் இருந்தது. மகளுக்குத் தேர்வு நெருங்கியது. தேர்வு முடியட்டும் என்றேன். முடிந்தது. அடுத்த வருஷக் கட்டண ரசீது வரட்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்று கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். அதிகாரியின் அறைக்கு வெளியே இரண்டு தடவை நின்றேன். உள்ளே ஆள் இருந்தார்கள், திரும்பிவிட்டேன். அந்த அம்மா மூன்று முறை ஃபோன் செய்தார். முதல் முறை எடுத்து, "இந்த வாரம்மா" என்றேன். மற்ற இரண்டு முறை எடுக்கவில்லை.

ஒருநாள் மனைவி டிபன் டப்பாவை எடுக்கும்போது கவரைப் பார்த்துவிட்டாள். ஒட்டாத கவர். நின்றபடியே படித்தாள். மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். "இதைக் குடுக்கலைன்னா நம்ம பொண்ணு படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கொடுத்தேன். அதிகாரி படித்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முதல்ல எழுதினது பொய்யா, இப்ப எழுதினது பொய்யா சார்?"

"முதல்ல எழுதினது சார்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"யாரையும் கேக்கல."

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மகளின் சலுகையில் யாரும் கை வைக்கவில்லை. என்னைத் தோட்டத்திலிருந்து எடுத்து விடுதிப் பராமரிப்புக்கு மட்டும் மாற்றினார்கள். அவ்வளவுதான். ஏழு வாரம் நான் பயந்தது இதற்காகத்தானா என்று நினைத்தேன்.

தாளின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் பெரும்பாக்கம் போனேன். இந்தமுறை பிளாக்கைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா கதவைத் திறந்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கை சுருங்கி, பளபளப்பாக, விரல்கள் உள்பக்கம் வளைந்து இருந்தது. தாளை இடது கையால் வாங்கினார். உட்காரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, உதடு அசைய, வரிவரியாகப் படித்தார். முழுதும் படித்து முடிக்க நேரமானது. நான் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கரீக்டா எயுதிகீறீங்க சார்" என்றார்.

"இதைக் காண்ட்ராக்டர்கிட்ட காட்டலாம்மா. லேபர் ஆபீசுல குடுக்கலாம். நானும் கூட வர்றேன்."

"போன வாரம் காண்ட்ராக்டரு ஆளு மறுபடி வந்தான். ஒரு பேப்பருல கையெயுத்து போட்டா ஆஸ்பத்திரி செலவ பாத்துக்கறேன்னான். இனிமே ஒண்ணும் கேக்கமாட்டேன், என் தப்புதான்னு அதுல கீது. எம்பொண்ணு வாணாம்னா. நாந்தான் போட்டுட்டேன். மருந்து நின்னுபூடும் இல்ல? எடக் கையால போட்டேன். கோணலா வந்துச்சு."

அந்தப் பேப்பரை எதிர்த்துப் பார்க்கலாம், வக்கீலைக் கேட்கலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை.

"லேட்டா குடுத்தீங்க சார்" என்றார்.

தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். நான் சாட்சி சொல்லத் தயார் என்றேன். அந்த அம்மா வந்து மனு கொடுத்தால்தான் முடியும் என்றார் அவர். ஃபோன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அம்மா அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்க அங்கிள். ஒரு ஸ்கூல்ல குழந்தைங்களைப் பாத்துக்கிற வேலைக்குப் போறாங்க. வெயில்ல போனா கை எரியுதாம், அதனால உள்ள உக்கார்ற வேலை. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் அதன்பிறகு ஃபோன் செய்யவில்லை. நிர்வாகம் டிராக்டர் வைத்திருக்கும் ஒருவருக்குப் புல் வெட்டும் வேலையை மொத்தமாகக் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த மூன்று பெண்களையும் அப்போதே நிறுத்திவிட்டார்கள். என் மகள் படிப்பை முடித்து ஒரகடத்தில் வேலைக்குப் போகிறாள். நான் விடுதியில் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.